நல்ல சமாரியரும் சத்திரக்காரரும்

சென்ற ஆவணித் திங்களில் ஒரு ஞாயிறு மாலை, சிங்கப்பூரில் வாழும் நம் பேத்தியிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அவளுக்கு வயது பதினாறு. அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் பயில்கிறாள்.

"தாத்தா, டிசம்பர் விடுமுறையில் எங்கள் பள்ளியிலிருந்து இருபது பேர் கம்போடியாவுக்குச் சேவை செய்யப் போகிறோம். பத்து நாள் தங்குவோம். ஒரு கிராமத்துப் பள்ளிக்குச் சுவர் கட்டிக் கொடுப்போம். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் கைப்பந்தும் சொல்லித் தருவோம். ஒருநாள் அனாதை இல்லத்துக்கும் போவோம். நீங்கள் ஆசீர்வாதம் தர வேண்டும், பயணச் செலவில் ஒரு பங்கும் தர வேண்டும்" என்று உற்சாகம் பொங்கக் கூறினாள்.

கேட்ட மாத்திரத்தில் நம் நெஞ்சு பெருமிதத்தால் நிறைந்திருக்க வேண்டும். ஆனால், "ஆகட்டும் அம்மா, யோசித்துக் கடிதம் எழுதுகிறோம்" என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டோம். அருகிலிருந்த நம் துணைவியார் வியப்புற்றார். "பிள்ளை நல்ல காரியத்துக்குத்தானே கேட்கிறாள்? அதற்கு ஏன் இந்தத் தயக்கம்?" என்றார். பணத்துக்காக நாம் தயங்கவில்லை என்பதை அவர் அறிவார். உண்மைக் காரணத்தை அறியார். இருபது ஆண்டுகளாக அவரிடமும் சொல்லாமல் மனத்துக்குள் பூட்டி வைத்திருந்த ஒரு செய்தியை அன்றிரவு அவரிடம் சொன்னோம். பிள்ளைகளைச் சேவைப் பயணத்துக்கு அனுப்பும் பெற்றோருக்குப் பயன்படுமே என்று இன்று வாசகர்களோடும் பகிர்ந்துகொள்கிறோம்.

நமது இல்லம் கடலூர் செம்மண்டலத்தில் இருக்கிறது. இங்கிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரை, மிதிவண்டியில் சென்று திரும்பும் தொலைவுதான். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, திருச்சபை திருக்குடும்ப விழாவைக் கொண்டாடிய நாள். கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சி இன்னும் வீடுகளில் அடங்கவில்லை. காலைத் திருப்பலி முடிந்து நாம் வீடு திரும்பிய சிறிது நேரத்தில், கடல் ஊருக்குள் புகுந்துவிட்டது என்ற கூக்குரல் எழுந்தது. அன்று கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, சாமியார்பேட்டை என்று கரையோரம் நெடுகிலும் ஒப்பாரி ஓயவில்லை. எத்தனையோ குடும்பங்கள் திருக்குடும்ப விழா நாளிலேயே சிதைந்து போயின.

அதன் பின்னர் உலகமெங்கிலுமிருந்து உதவிகள் வந்து குவிந்தன. அரிசியும் துணியும் வந்தன. படகுகளும் வலைகளும் வந்தன. மனிதர்களும் வந்தார்கள். 2005-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஐரோப்பிய நாடொன்றிலிருந்து பள்ளி மாணவ மாணவியர் பதினெண்மர், ஆசிரியர் இருவருடன், கடலூருக்குத் தெற்கேயுள்ள மீனவக் குப்பம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தனர். மூன்று வாரம் தங்கி, பால்வாடிக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தருவதும், மாலை வேளைகளில் சிறுவர்களோடு விளையாடுவதும் அவர்களுடைய திட்டம். நாம் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றி அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தோம். பங்குத் தந்தையவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக நாள்தோறும் அந்தக் குப்பத்துக்குச் சென்று வந்தோம்.

அந்த இளைஞர்களைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டோம். அனல் பறக்கும் வெயிலில் அவர்களுடைய வெண்ணிற முகங்கள் தக்காளிப் பழமாய்ச் சிவந்தன. கைகள் கொப்புளித்தன. இருந்தும் முகம் சுளித்தாரில்லை. குப்பத்தார் உண்ட சோற்றையே உண்டனர். துக்கம் நடந்த வீடுகளுக்குச் சென்று, மொழி தெரியாவிட்டாலும் தாய்மாரின் கைகளைப் பற்றிக்கொண்டு மௌனமாக அமர்ந்திருந்தனர்.

சுவர் வேலை தொடங்கியது. ஊர்க் கொத்தனார் ஒருவர் தூக்குக்குண்டு பிடிப்பதையும் கரணையால் சாந்து தடவுவதையும் அவர்களுக்குப் பொறுமையோடு கற்றுக்கொடுத்தார். இரண்டு கொத்தனாரும் நான்கு சித்தாளும் இருந்தால் நான்கு நாளில் முடிந்துவிடக்கூடிய வேலை அது. பன்னிரண்டு நாளாயிற்று. அதனால் என்ன, அன்போடு செய்யும் வேலையில் நாள்கணக்கு எதற்கு என்று நாமும் எண்ணியிருந்தோம்.

மூன்றாம் நாள் நண்பகலில், பூவரச மர நிழலில் வெகு நேரம் அமர்ந்திருந்த நடுத்தர வயதுப் பெண் ஒருவர் எழுந்து நம்மிடம் வந்தார். மீன் விற்றுப் பிழைத்தவர். ஆழிப்பேரலையில் வீட்டுப் படகு நொறுங்கிப்போனபின், சித்தாள் வேலைக்குச் சென்று குடும்பத்தைத் தாங்கி வந்தவர். செங்கல் சுமந்து சென்ற மாணவி ஒருத்தியைச் சுட்டிக்காட்டி, தாழ்ந்த குரலில், "சார், இந்தப் புள்ளைங்களே கல்லு சுமந்துட்டா எங்களுக்கு யாரு கூலி குடுப்பாங்க? அதுங்ககிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

அந்த மாணவி நின்றாள். "இவர் என்ன சொல்கிறார்?" என்று ஆவலோடு நம்மைக் கேட்டாள்.

வாசகர்களே, நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "உங்களுக்கு நன்றி சொல்கிறார்" என்றோம்!

அந்தப் பெண்பிள்ளையின் முகம் மலர்ந்தது. செங்கற்களைக் கீழே வைத்துவிட்டு, கற்றுக்கொண்ட வண்ணமே இரு கைகளையும் கூப்பி வணங்கினாள். எதிரே நின்ற பெண்ணும் ஒன்றும் விளங்காமல் கைகூப்பினார். பிறகு நம்மை ஒருமுறை பார்த்துவிட்டு மீண்டும் மர நிழலுக்கே போய்விட்டார்.

நாம் ஏன் அப்படிச் செய்தோம்? விருந்தாளியின் மனம் நோகக் கூடாதே என்று அன்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். உண்மையில் நம்மைத் தடுத்தது வெட்கம். உதவி பெறும் இடத்தில் இருப்பவர் கேள்வி கேட்கலாகாது என்று நம்முள் ஊறியிருந்த எண்ணம். அந்தக் கேள்வியைச் சொல்லியிருந்தால், நியாய உணர்வு மிகுந்த அந்தப் பிள்ளைகள் அன்றே வேறு வழி கண்டிருப்பார்கள். தங்களோடு சித்தாள்களையும் கூலிக்கு அமர்த்தியிருப்பார்கள். அவர்களுக்கு அந்த வாய்ப்பை நாம் மறுத்தோம். அந்தப் பெண்ணுக்கோ கூலியை மறுத்தோம்.

இனி, மாலை விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு கம்பங்களுக்கிடையே பழைய மீன்வலையைக் கட்டிக் கைப்பந்து ஆடினார்கள். அந்தக் குப்பத்தில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவன். அலை வந்து அந்தக் கையைப் பறித்துக்கொண்டது. ஏழு மாதமாக அவன் கடற்பக்கம் திரும்பவே இல்லை. விளையாட்டையும் தொலைவில் நின்றே பார்ப்பான். இரண்டாம் வாரத்தில் ஒருநாள் பந்து உருண்டு நீரருகே சென்றுவிட்டது. யாரும் எதிர்பாராதபடி அவன் ஓடிச்சென்று, கணுக்கால் நனைய நின்று, பந்தை எடுத்து வந்தான். ஊர்ப் பெரியவர்கள் கண் கலங்கினர். ஆறுதல் வார்த்தைகள் ஆயிரம் சொல்லியும் நடவாதது, ஒரு பந்தால் நடந்தது. விளையாட்டின் ஆற்றலை அன்று நாம் கண்ணாரக் கண்டோம்.

மூன்று வாரம் முடிந்தது. பிள்ளைகள் அழுதுகொண்டே பேருந்தில் ஏறினர். பந்தை அந்தச் சிறுவனிடமே கொடுத்துச் சென்றனர். சில வாரங்களில் பந்தில் காற்று இறங்கிவிட்டது. பந்தைக் கொடுத்தவர்களுக்குக் காற்றடிக்கும் பம்பையும் ஊசியையும் கொடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. நமக்கும் தோன்றவில்லை. ஒருநாள் அந்தச் சிறுவன், துவண்ட பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பேருந்து ஏறி விசாரித்து, செம்மண்டலத்தில் நம் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"சார், அவங்க எப்ப திரும்பி வருவாங்க?" என்றான்.

"வருவார்கள் தம்பி" என்றோம். இது நாம் சொன்ன இரண்டாவது பொய்.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னர், நற்செய்தியில் வரும் நல்ல சமாரியர் உவமையைக் கேட்கும்போதெல்லாம் நம் எண்ணம் வேறொருவரிடம் செல்கிறது. எருசலேமிலிருந்து எரிக்கோவுக்குச் செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்தவரைக் கண்டு இரங்கிய சமாரியரை நாம் எல்லாரும் போற்றுகிறோம். போற்ற வேண்டியதே. ஆனால் அவர் வழிப்போக்கர். ஓர் இரவு உடனிருந்து கவனித்தார், மறுநாள் புறப்பட்டுவிட்டார். அதன்பின் அந்த மனிதருக்குப் புண்ணைக் கழுவியவர் யார்? கஞ்சி ஊற்றியவர் யார்? எழுந்து நடக்கும்வரை கைத்தாங்கலாகப் பிடித்தவர் யார்? அந்தச் சத்திரக்காரர்தாமே! அவர் பெயரில் மருத்துவமனையும் இல்லை, சங்கமும் இல்லை. சமாரியரின் பெருமை இரங்கியதில் மட்டுமில்லை. சத்திரக்காரரைத் தேடிக் கண்டதிலும், அவருக்குரிய காசை எண்ணிக் கொடுத்ததிலும், திரும்பி வருவேன் என்று பொறுப்பேற்றதிலும் இருக்கிறது. வெளியூரிலிருந்து சேவை செய்ய வருபவர் எவரும் கற்க வேண்டிய பாடம் இது.

இப்படிச் செய்தவர்கள் வரலாற்றில் உண்டு. முதல் உலகப் போர் முடிந்தபின், 1920-ஆம் ஆண்டில், பியர் செரசோல் என்ற சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர், பிரான்சு நாட்டின் வெர்தன் போர்க்களத்தை அடுத்த எஸ்ன் என்னும் சிற்றூரில், அழிந்த வீடுகளைச் சீர்படுத்தச் சில தோழர்களுடன் முகாமிட்டார். நேற்றுவரை பகைவராயிருந்த ஜெர்மானியரும் அக்குழுவில் இருந்தனர். இன்று உலகெங்கும் நடைபெறும் பன்னாட்டுத் தொண்டு முகாம்களுக்கு அதுவே வித்து. பின்னர் 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பீகாரில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்து பல்லாயிரவர் மடிந்தபோது, அதே செரசோல் இந்தியாவுக்கு வந்தார். இராஜேந்திர பிரசாத் அவர்களின் தலைமையில் நம் நாட்டவர் நடத்திய துயர் துடைப்புப் பணியோடு இணைந்து, வீடிழந்த உழவர்களுக்கு வீடு கட்டினார். ஒருமுறை வந்து புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விட்டாரா? இல்லை. 1937-க்குள் பலமுறை வந்தார். ஊராரின் திட்டத்துக்குத் தம் கையைக் கொடுத்தார். தம் திட்டத்துக்கு ஊரை வளைக்கவில்லை.

விளையாட்டிலும் அத்தகைய ஒருவர் உண்டு. செரசோல் முதல் முகாம் நடத்திய அதே 1920-ஆம் ஆண்டில், ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் சிறுவர்களோடு பத்து நாள் பந்தாடிவிட்டுக் கப்பலேறவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே உழைத்து, பந்தாடக் கற்றுத்தரும் ஆசிரியர்களை இந்த மண்ணிலேயே உருவாக்கினார். அவர் காட்டிய வழியில் எத்தனையோ உடற்கல்வி ஆசிரியர்கள் நம் ஊர்ப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். வந்தவர் சத்திரக்காரர்களை உருவாக்கிவிட்டுச் சென்றார் என்றே சொல்ல வேண்டும்.

நம் கடலூரிலேயே இதற்குச் சான்று உண்டு. ஆழிப்பேரலைக்குப் பின், அரசு இல்லத்தில் வளர்ந்த சிறுமியர் சிலருக்கும் சுற்றுவட்டாரத்து ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கும் உள்ளூர்ப் பயிற்சியாளர்கள் கால்பந்து கற்பித்தனர். பெண்பிள்ளைக்குப் பந்து எதற்கு என்று கேட்டவர்கள் கேட்டுக்கொண்டிருக்க, இவர்கள் விடியற்காலையில் மைதானத்தில் நின்றார்கள். காலம் கனிந்தது. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடும் நிலைக்கு உயர்ந்தார். 2018-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு மகளிர் அணி தேசிய சாம்பியன் பட்டத்தை முதன்முறையாக வென்றபோது அவ்வணியில் அவரும் இருந்தார். 2023-இல் அப்பட்டம் மீண்டும் தமிழகத்துக்கு வந்தது. பத்து நாள் முகாமில் இது விளையுமா? நாள் தவறாமல் மைதானத்துக்கு வந்து நிற்பவர் இருந்தால்தான் விளையும்.

அப்படியாயின், பிள்ளைகள் வெளிநாட்டுக்குச் சேவை செய்யப் போகவே கூடாதா? நாம் அவ்வாறு சொல்லவில்லை. முன்பின் அறியாத மக்களோடு ஒரே பாயில் அமர்ந்து உண்பதும், தன் வாழ்வின் வசதியைத் தானே உணர்வதும் இளமையில் கிடைக்க வேண்டிய பெருங்கல்வி. நம் நாட்டிலும் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டு, கல்லூரி மாணவர்கள் கிராமங்களில் முகாமிட்டுப் பணி செய்வது வழக்கமாகிவிட்டது. தூரம் ஒரு பொருட்டன்று. ஆனால் கற்கப் போகிறவன், கொடுக்கப் போவதாக எண்ணிக்கொண்டு போனால் இரண்டும் கெட்டுவிடும்.

அனாதை இல்லத்துக்கு ஒருநாள் போவோம் என்று பேத்தி சொன்னதுதான் நம்மை மிகவும் உறுத்தியது. கம்போடியாவில் அத்தகைய இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் நால்வரில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடிருப்பதாக ஐக்கிய நாடுகள் குழந்தைகள் நிதியம் 2011-இல் எடுத்துரைத்தது. வெளிநாட்டார் வந்து பார்த்துப் பணம் தருவதே, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து இல்லங்களை நிரப்பத் தூண்டுகோலாயிற்று என்றும் அறிந்தோர் கூறுகின்றனர். இவ்வாறு பிள்ளைகளைப் பிரித்து ஆதாயம் தேடுவதை, ஆஸ்திரேலிய நாடு 2018-ஆம் ஆண்டிலேயே நவீன அடிமைத்தனத்தின் வகைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. நல்ல இல்லங்களும் அங்கே இருக்கலாம். ஆனாலும், ஒரு பகல் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு மாலையில் இறக்கி விட்டுப் போவது எந்தக் குழந்தைக்கு நன்மை? காற்றிறங்கிய பந்தோடு நம் வாசலில் வந்து நின்ற சிறுவனின் முகமே நமக்கு விடை சொல்லிற்று.

மறுநாள் பேத்திக்குக் கடிதம் எழுதினோம். நம் இரு பொய்களையும் முதலில் ஒப்புக்கொண்டோம். பிறகு இவ்வாறு எழுதினோம்:

"அன்புப் பேத்திக்கு, தாத்தாவும் பாட்டியும் எழுதுவது. நீ போய் வா, அம்மா. ஆனால் புறப்படுமுன் உன் ஆசிரியரிடம் மூன்று செய்திகளைக் கேட்டுத் தெளிவுபெறு. முதலாவது, நீங்கள் கட்டப்போகும் சுவரால் அந்த ஊரில் யாருக்காவது கூலி போகிறதா? அப்படியானால் அந்த ஊர்க் கொத்தனாரையும் சித்தாளையும் கூலி கொடுத்து அமர்த்துங்கள். நீங்கள் அவர்களுக்குக் கீழே எடுபிடியாய் நில்லுங்கள். இரண்டாவது, அனாதை இல்லத்துப் பயணத்தைத் தவிர்க்க முடியுமா? அந்தப் பகலை ஊர்ப் பள்ளியிலேயே கழியுங்கள். மூன்றாவது, நீங்கள் போன பிறகும் அங்கே பிள்ளைகளோடு விளையாடப் போகும் ஆசிரியரோ இளைஞரோ யார்? முதல் நாளே அவரைத் தேடிக் கண்டுபிடி. பந்தையும் பம்பையும் அவர் கையில் கொடு. ஆட்டத்தை அவர் நடத்தட்டும். நீ அவருடைய அணியில் ஓர் ஆளாய் ஆடு. திரும்பி வருவேன் என்று எந்தக் குழந்தைக்கும் வாக்குக் கொடாதே. கொடுத்தால், காப்பாற்று. எவரேனும் உன்னிடம் எதையாவது சொன்னால், அதை உள்ளபடியே மொழிபெயர்க்கும்படி கேள். நன்றி என்று மட்டுமே உன் காதில் விழுந்துகொண்டிருந்தால், மொழிபெயர்ப்பாளரைச் சந்தேகி!"

கடிதத்தோடு பயணத்துக்கு நம் பங்கையும் அனுப்பினோம். இரண்டு பம்புகளும் ஒரு பெட்டி ஊசியும் வாங்கத் தனியாக ஒரு தொகை சேர்த்தோம்.

இரண்டு வாரம் கழித்துப் பேத்தி மீண்டும் அழைத்தாள். குரலில் முன்னிருந்த துள்ளல் சற்றுக் குறைந்திருந்தது. "தாத்தா, ஆசிரியரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை என்றார். அந்த ஊருக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். அனாதை இல்லத்தைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கூலி விஷயம் இன்னும் முடிவாகவில்லை. ஆனால் நான் விடமாட்டேன்" என்றாள். சென்ற முறை தர மறந்த ஆசீர்வாதத்தை இப்போது மனமாரத் தந்தோம்.

அன்றைய சிறுவன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். அவனுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. கடலுக்குத்தான் போகிறான். அன்று நம் வாசலில் நின்றவனைக் குப்பத்துக்கு அழைத்துச் சென்று, அவ்வூர்க் கல்லூரி மாணவர் ஒருவரிடம் சேர்த்தோம். அந்த மாணவர் மிதிவண்டிக் கடையில் பந்துக்குக் காற்றடித்து வந்து, அன்று மாலையே வலையைக் கட்டினார். வேலை கிடைத்து வெளியூர் செல்லும்வரை நான்கு ஆண்டுகள் அதை அவர் விடவில்லை. அவருக்குப் பின் அந்தப் பொறுப்பு இவனுடையதாயிற்று. கடலுக்குப் போகாத மாலைகளில் இன்றும் இரு கம்பங்களுக்கிடையே பழைய மீன்வலையைக் கட்டுபவன் இவன்தான்.

சித்தாளாக வந்த அந்தப் பெண்ணையும் சென்ற திங்கள் தேடிச் சென்று பார்த்தோம். முதுமை தட்டிவிட்டது. பால்வாடிச் சுவரருகே அமர்ந்து கருவாடு விற்றுக்கொண்டிருந்தார். அன்று அவர் கேட்டதை நாம் சொல்லாமல் விட்டோம் என்று கூறி மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்தார். "அது எனக்கு அப்பவே தெரியும் சார். கூலியக் கேட்டா அந்தப் பொண்ணு எதுக்கு என்னைக் கும்பிடுது?" என்றார்.